பேச்சுக்கு முந்திய மொழி

பேசாத பிள்ளைக்குப் பேச்சுக் கற்பித்த வரலாற்றை எழுதுவோர் பெரும்பாலும் ஸ்பானிய நாட்டின் ஓஞா மடத்திலிருந்தே தொடங்குவர். பதினாறாம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அம்மடத்துத் துறவியான பெட்ரோ போன்சே டி லெயோன், செவிப்புலன் இன்றிப் பிறந்த சிறுவர் சிலருக்கு எழுதவும் வாசிக்கவும் வாய்திறந்து சொல்லவும் பயிற்றினார். அத்தகையோர் கல்விக்கு உரியரல்லர் என்று கற்றோரே நம்பியிருந்த காலத்தில் அவர் செய்தது பெருஞ்செயல் என்பதில் ஐயமில்லை. ஆயின் அவரிடம் பயின்ற சிறுவர் யாவர்? வெலாஸ்கோ என்னும் பெருங்குடும்பத்துப் பிள்ளைகள். வாய்பேசமாட்டாதவன் சொத்துரிமை எய்துவதற்குச் சட்டம் தடையாயிருந்தது. குடும்பச் சொத்துக் கைநழுவாதிருக்கப் பிள்ளை பேசவேண்டியிருந்தது. அதே ஆண்டுகளில் அம்மடத்தைச் சூழ்ந்த வயல்களை உழுதவர் வீடுகளிலும் கேளாத பிள்ளைகள் பிறந்திருப்பர். காப்பாற்றக் காணி இல்லாத அப்பிள்ளைகளுக்கு ஆசிரியரும் இல்லை.

நமது மரபைப் புரட்டினாலும் நிலைமை பெரிதும் வேறன்று. உறையூர் முதுகண்ணன் சாத்தனார் பாடிய புறநானூற்றின் 28ஆம் பாட்டு, மக்கட் பிறப்பின் எட்டுக் குறைகளை எண்ணிச் சொல்லும்போது பேசாதாரையும் கேளாதாரையும் அவற்றுள் அடக்குகிறது. அவற்றுக்கு வழங்கிய பெயர் எச்சம். சங்கப் புலவர்மீது நாம் இன்று வழக்குத் தொடரவேண்டியதில்லை. ஆனால் ‘ஊமை’ என்ற சொல்லால் ஒரு பிள்ளையின் வாழ்க்கை முழுவதையும் மூடிவிடும் வழக்கம் எத்துணைப் பழையது என்பது ஈண்டு மனங்கொளத்தக்கது.

ஏழைப் பிள்ளைக்கும் மொழி உண்டு என்ற எண்ணம் வரலாற்றில் தலையெடுத்தது பதினெட்டாம் நூற்றாண்டுப் பாரிஸ் நகரில். 1760ஐ ஒட்டிய ஆண்டுகளில் அபே டி லெப்பே என்னும் பாதிரியார் செவிப்புலனற்ற சகோதரியர் இருவருக்குக் கற்பிக்கத் தொடங்கினார். அவர் புதுமை என்னவெனில், பிள்ளைகளின் வாயைப் பிடித்துத் திருத்தப் புகுமுன் அவர்களுடைய கைகளைக் கவனித்தமையே. அவர்களுக்குள் வழங்கிய சைகைகளைத் தாம் கற்று, அவற்றின் வழியாகவே எழுத்துக்கு அழைத்துச் சென்றார். கட்டணம் பெறாமற் கற்பித்தார். பிரெஞ்சுப் புரட்சி அப்பாடசாலையை 1791இல் அரசின் பொறுப்பாக ஏற்றது. தனியொருவரின் தருமம் அரசின் கடமையாக மாறிய அக்கணம், கல்வி வரலாற்றிற் போதிய அளவு பேசப்படாத ஒன்று.

அதன் பின்னர் நிகழ்ந்தது பின்னடைவு. 1880 செப்டெம்பரில் இத்தாலியின் மிலான் நகரிற் கூடிய ஆசிரியர் மாநாடு, சைகைமொழியைப் பாடசாலைகளிலிருந்து விலக்கி வாய்ப்பேச்சு ஒன்றையே கற்பிக்கவேண்டும் என்று தீர்மானித்தது. கூடியிருந்தோர் 164 பேர் என்பர். அவர்களுள் செவிப்புலனற்றவர் ஒருவரே. எவருடைய மொழியைப் பற்றிய தீர்ப்போ அவர்கள் மன்றில் இல்லை. குடியேற்ற நாட்டவராயிருந்த நமக்கு இது புதிய அனுபவமன்று. கைச்சைகை செய்வது பல பாடசாலைகளில் தண்டனைக்குரிய குற்றமாயிற்று. அத்தீர்மானம் விளைத்த தீங்குகளுக்காக அதே மாநாட்டு வரிசை வான்கூவர் நகரில் வெளிப்படையாக வருத்தம் தெரிவித்தது 2010ஆம் ஆண்டில். நூற்று முப்பது ஆண்டுகள் கழித்து.

நமது பகுதிகளுக்குச் சிறப்புக் கல்வி வந்து சேர்ந்தது, மிலான் தீர்மானத்தின் நிழல் நீண்டிருந்த இக்காலத்திலேதான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியாண்டுகளில் பாளையங்கோட்டையில் புளோரன்ஸ் சுவெயின்சன் என்னும் ஆங்கிலப் பெண்மணி கேளாப் பிள்ளைகளுக்கான பாடசாலையைத் தொடங்கினார். இலங்கையில் 1912இல் மேரி சாப்மன் தொடங்கிய பாடசாலை பின்னர் இரத்மலானையில் நிலைபெற்றது. இப்பெண்மணிகளின் உழைப்பைக் குறைத்து மதிப்பது நன்றிகேடு. சமயப் பணியின் உள்நோக்கங்களை எவ்வளவு விமரிசித்தாலும், அரசு திரும்பியும் பாராத பிள்ளைகளை அவர்கள் பார்த்தனர். ஆயினும் திருகோணமலையிலிருந்து இரத்மலானைக்கு 250 கிலோமீற்றருக்கு மேல். கொட்டியாரக் குடாவின் கரையில் வலைவீசுபவன் தன் பிள்ளையை அங்கு அனுப்புவது எங்ஙனம்? பேரரசோ நம் துறைமுகத்தின் ஆழத்தைப் பாகம் பாகமாக அளந்தது. இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்திற் சீனன்குடாக் காட்டினுள் ஏறத்தாழ நூறு எண்ணெய்த் தாங்கிகளை எழுப்பியது. 1957இற் கப்பல்களைத் திருப்பிக்கொண்டு போயிற்று.

தமிழ்ப் பிள்ளைகளுக்கென்று யாழ்ப்பாணத்துக் கைதடியில் நபீல்ட் பாடசாலை ஏற்பட்டது 1956இல். தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறிய ஆண்டும் அதுவே. இரண்டுக்கும் காரண காரியத் தொடர்பு கற்பிக்க வரவில்லை. நாடு முழுவதும் மொழியுரிமை பற்றிக் கொதித்துக்கொண்டிருந்த ஆண்டில், எந்த மொழியும் வாய்க்காதிருந்த பிள்ளைகளின் உரிமை எந்த மேடையிலும் ஒலிக்கவில்லை என்பதையே சுட்ட விரும்புகிறேன். அது நமது மேடைகளுக்கும் பொருந்தும்.

இப்பாடசாலைகள் அனைத்திற்கும் பொதுவான ஓர் எல்லை உண்டு. பிள்ளை பாடசாலை வயதை எய்திய பின்னரே அவற்றின் கதவு திறந்தது. அதற்கு முந்திய நாலைந்து ஆண்டுகள் யாருடைய பொறுப்பு? பேச்சுத் தாமதம் என்பது செவிப்புலனற்ற பிள்ளைகளுக்கு மட்டும் உரியதன்று. செவி நன்றாயிருந்தும் ஓட்டிசம் உடைய பிள்ளை, டவுன் நிலையோடு பிறந்த பிள்ளை, மூளை வாதத்தால் வாய்த்தசை இணங்காத பிள்ளை, வெளிப்படையான காரணம் ஒன்றும் இன்றி மொழி மட்டும் பிந்துகின்ற பிள்ளை எனப் பலர் உளர். இவர்களுக்கெல்லாம் தீர்மானமான காலம் அந்த முதல் ஆண்டுகளே.

இதனைக் கோட்பாட்டு நிலையில் தெளிவுபடுத்தியவர்களுள் முதன்மையானவர் சோவியத் உளவியலாளர் லெவ் விகொத்ஸ்கி. 1934இல் முப்பத்தேழாம் வயதில் மறைந்த அவர், மொஸ்கோவிற் குறைபாடுடைய பிள்ளைகளின் கல்வியை ஆராய்வதிலே தம் குறுகிய வாழ்வின் ஒரு பகுதியைச் செலவிட்டார். உடலில் உள்ள குறை ஒன்று. அக்குறையுடைய பிள்ளையைச் சமூகம் தன் உறவுகளிலிருந்து விலக்குவதால் விளையும் குறை வேறொன்று. பின்னதே பெரிது, பின்னதே மாற்றத்தக்கது என்பது அவர் கருத்து. சுட்டுவிரலின் பிறப்பைப் பற்றியும் அவர் எழுதினார். எட்டாத பொருள் ஒன்றை நோக்கிக் குழந்தை கையை நீட்டுகிறது. கை அந்தரத்தில் நிற்கிறது. தாய் வருகிறாள், குழந்தைக்கு அது வேண்டும் என்று பொருள்கொள்கிறாள், எடுத்துக் கொடுக்கிறாள். தோற்றுப்போன ஒரு பிடிப்பு, மற்றொருவர் பொருள்கொண்டதனால் ஒரு குறியாக மாறுகிறது. குழந்தை தான் சுட்டியதன் பொருளைத் தானே அறிவது அதற்குப் பின்னரே. மொழி தனியொருவரின் மண்டையோட்டிற்குள் முளைப்பதன்று, இருவருக்கு இடையில் விளைவது என்பதற்கு இதனினும் எளிய சான்று இல்லை.

விகொத்ஸ்கி இரண்டு பத்திகளிற் சொன்னதை ஆய்வாளர் பின்னர் நுணுகிக் கண்டனர். 1975இல் எலிசபெத் பேற்ஸ் என்பவரும் அவருடைய இத்தாலியத் தோழியரும், குழந்தை முதற்சொல்லைப் பேசுமுன்பே இருவகைச் சுட்டுகளைக் கையாளுகின்றது எனக் காட்டினர். ஒன்று ‘அதைத் தா’ என்பது. மற்றது ‘அதைப் பார்’ என்பது. முன்னது வேண்டல், பின்னது பகிர்தல். அதே ஆண்டில் ஸ்கைஃப், புரூனர் இருவரும், பெரியவர் பார்வை திரும்பும் திசையில் கைக்குழந்தையும் தன் பார்வையைத் திருப்புவதை எடுத்துக்காட்டினர். பேச்சின் அடித்தளம் ஒலியன்று. ஒரே பொருளை இருவர் சேர்ந்து நோக்குதலே.

தமிழ் படித்தவனுக்கு இவ்விடத்தில் ஓர் இலக்கண நினைவு எழுவது தவிர்க்கவியலாதது. தொல்காப்பியர் அ, இ, உ என்னும் மூன்று எழுத்துகளுக்கு இட்ட பெயரே சுட்டு என்பதுதான். தமிழகத்துப் பேச்சில் மறைந்துபோன உகரச் சுட்டு யாழ்ப்பாணத்தார் வாயில் இன்னும் வாழ்கிறது. ‘உது’ என்றால் கேட்பவனுக்கு அருகில் உள்ளது. சொல்பவன், கேட்பவன், பொருள் ஆகிய மூன்றும் கூடினாலன்றி அச்சொல்லுக்குப் பொருளே இல்லை.

பிள்ளைத்தமிழையும் இந்நோக்கிற் காணவேண்டும். ஒன்பதாம் நூற்றாண்டளவிற் பெரியாழ்வார் பாடலிலும், பன்னிரண்டாம் நூற்றாண்டில் ஒட்டக்கூத்தரின் குலோத்துங்கன் பிள்ளைத்தமிழிலும் காணப்படும் பருவங்களை நிரலாக நோக்குக. ஐந்தாம் மாதத்தை ஒட்டிச் செங்கீரை: குழந்தை தலைநிமிர்த்தி ஆட, எதிரே இருப்பவர் பாடுகிறார். அடுத்துத் தால்: தாலாட்டு. ஒன்பதாம் மாதத்தை ஒட்டிச் சப்பாணி: நான் கைகொட்டுகிறேன், நீ கொட்டு. பின்னர் முத்தம்: கேட்டதைத் தருதல். வருகை: அழைத்தால் வருதல். அதன்மேல் அம்புலி. விண்ணிலே உள்ள நிலாவை விரலாற் சுட்டி, குழந்தையின் கண்ணை அங்கே கொண்டுசென்று, ‘வா’ என்று இருவரும் சேர்ந்து அழைப்பது. எட்டவே எட்டாத பொருள் அது, கையில் தரமுடியாதது. ஆகவே அது வேண்டலன்று, பகிர்தல். மாதக் கணக்கிற் பாட்டியல் நூல்கள் தம்முள் வேறுபடினும், எதிர்முகம் நோக்கல், மாறிமாறிச் செய்தல், போலச் செய்தல், அழைப்புக்கு இசைதல், சேர்ந்து நோக்கல் என்னும் ஒழுங்கு தெளிவாக நிற்கிறது.

‘எல்லாம் நம் முன்னோர் அறிந்தனரே’ என்று மார்தட்டுவார்க்கு நான் துணைபோகேன். பிள்ளைத்தமிழ் பாடிய புலவர், அரசனையும் ஆண்டவனையும் குழந்தையாக்கிப் பாடினரேயன்றிக் குழந்தை வளர்ப்புச் சொல்ல வரவில்லை. அவர்கள் எடுத்தாண்ட விளையாட்டுகளோ அரண்மனைக்கு உரியன அல்ல. நெல் குற்றிக்கொண்டும் வலை பொத்திக்கொண்டும் பிள்ளையை மடியிற் போட்டு வளர்த்த பெண்கள் தலைமுறை தலைமுறையாகக் கண்டுபிடித்தவை. கைவீசும் பாட்டும் சாய்ந்தாடும் பாட்டும் எழுதியவர் பெயரின்றி நம்மிடம் வந்திருப்பதன் காரணமும் அதுவே.

ஆனால் இவ்விளையாட்டுகள் யாவும் ஒன்றை வேண்டி நிற்கின்றன. பிள்ளை மறுமொழி தரவேண்டும். தாய் கொட்டினாற் பிள்ளை கொட்டவேண்டும். தாய் சுட்டினாற் பிள்ளை நோக்கவேண்டும். பேச்சுப் பிந்துகின்ற பிள்ளையின் வீட்டில் நடப்பதை இங்கேதான் உற்றுநோக்க வேண்டும். பிள்ளை திரும்பிப் பார்ப்பதில்லை. நாலு முறை அழைத்த தாய் ஐந்தாம் முறை அழைப்பதில்லை. பேசாத பிள்ளையோடு பேசுவது மெல்ல மெல்லக் குறைகிறது. தேவையானதை அது கேளாமலே எல்லாரும் கொண்டுவந்து கொடுக்கின்றனர். எவரும் கொடியவரல்லர். இருந்தும், மிகுதியான மொழி தேவைப்பட்ட பிள்ளைக்கே வீட்டில் மிகக் குறைந்த மொழி கிடைக்கிறது. விகொத்ஸ்கி சொன்ன இரண்டாவது குறை இவ்வாறு அன்பு நிறைந்த வீட்டுக்குள்ளேயே உண்டாகிறது. அதே வேளையில் அயலார் தாயைக் குற்றஞ்சொல்லத் தொடங்குவர்: ‘நீ பிள்ளையோட கதைக்கிறேல்லை, அதுதான்.’ நோயையும் காரணத்தையும் தலைகீழாக்கும் பேச்சு இது. பெண்மீது பழிபோடுவதில் நம் சமூகம் என்றும் சோம்பியதில்லை.

எனவே, சிகிச்சையாளர் இன்று கற்பிப்பதன் சாரம் அந்த அறுந்த விளையாட்டை வேறு வகையில் மீண்டும் முடிவதே. முதற்செயல் செவிப் பரிசோதனை. கதவு சாத்தும் ஓசைக்குத் திரும்புகிறானே என்று அமைதியடைதல் தவறு. பெருத்த ஓசை கேட்கும் செவி பேச்சொலியைத் தவறவிடலாம். அதன்பின், பிள்ளையை நம் விளையாட்டுக்கு இழுப்பதை விட்டு நாம் பிள்ளையின் விளையாட்டுக்குட் புகவேண்டும். அது சிரட்டையை உருட்டினால் எதிரே தரையில் அமர்ந்து இன்னொரு சிரட்டையை உருட்டலாம். அது எதைப் பார்க்கிறதோ அதன் பெயரைச் சொல்லலாம். ‘சொல்லு, சொல்லு’ என்று அதட்டுதல் பயன்தராது. விருப்பமான பிஸ்கற்றை மூடி இறுகிய போத்தலில் இட்டுக் கையில் வைத்துக்கொண்டு, முகத்தை நோக்கி, மனத்துக்குள் பத்து வரை எண்ணிக் காத்திருத்தல் பயன்தரும். அந்தப் பத்து எண்ணிக்கை பெரியவர்க்கு மிகக் கடினம். ஆசிரியர்க்கு எல்லாரிலும் கடினம். பிள்ளை கண்ணால் நோக்கினாலும் கையைத் தொட்டாலும் ‘பி’ என்றாலும் அது சொல்லே. உடனே திறந்து, ‘பிஸ்கற் வேணும்’ என்று முழுமையாக்கிக் கொடுக்கவேண்டும்.

சைகை பழகினாற் பேச்சு வராது போய்விடும் என்ற அச்சம் மிலான் மாநாட்டின் எச்சம். கோல்டின்-மெடோ, ஐவர்சன் என்போர் 2005இல் வெளியிட்ட ஆய்வு, ஒரு பொருளைக் குழந்தை முதலிற் சுட்டிச் சில மாதங்களின் பின்னரே அதன் பெயரைச் சொல்வதைக் காட்டியது. கை முன்னே செல்கிறது. நா பின்னே வருகிறது. நிக்கராகுவாவில் 1979ஆம் ஆண்டுப் புரட்சியைத் தொடர்ந்து செவிப்புலனற்ற சிறுவருக்கான பாடசாலைகள் விரிவடைந்தபோது, ஆசிரியர் உதட்டசைவைக் கற்பிக்க முயன்றுகொண்டிருக்க, பிள்ளைகள் முற்றத்திலும் பேருந்திலும் தம்முள் புதிய சைகைமொழி ஒன்றையே ஆக்கிவிட்டனர். அதற்கு அவர்களுக்குத் தேவைப்பட்டது ஒருவரோடொருவர் கூடியிருத்தலே.

வீட்டாரும் அயலாரும் காத்திருக்கச் சொல்வது நாம் அறிந்ததே. ‘ஆம்பிளைப் பிள்ளை பிந்தித்தான் கதைக்கும்’, ‘தகப்பனும் மூன்று வயதிலேதான் வாய் திறந்தவர்’ என்பர். நாவில் வசம்பு உரைத்துத் தடவுவர். பத்திரகாளி அம்மனுக்கு நேர்த்தி வைப்பர். நேர்த்தி வைப்பதை நான் தடுக்கவில்லை. வைத்துவிட்டு வைத்தியசாலைக்கும் போகட்டும். ஓராண்டு நிறைவில் மழலை ஒலியோ சுட்டுதலோ இல்லையெனில், பதினாறு மாதத்திலும் தனிச்சொல் இல்லையெனில், இரண்டு வயதில் இரு சொற்களைக் கூட்டிச் சொல்லாவிடின், எந்த வயதிலேனும் வந்த பேச்சு மறைந்துபோயின், காத்திருத்தல் கூடாது. 1998இல் அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் வெளியான ஆய்வு, செவிக்குறை ஆறு மாதத்துக்குள் கண்டறியப்பட்ட பிள்ளைகள் பிந்திக் கண்டறியப்பட்டோரினும் மொழியில் மிக முன்னே நின்றதை நிறுவியது. இன்னொரு தவறான எண்ணமும் நம் ஊரில் உண்டு. வீட்டிலே தமிழ், சந்தையிலே சிங்களம், முன்பள்ளியிலே ஆங்கிலம் என்பதாற் பிள்ளை குழம்பிப் பேசாதிருக்கிறது என்பர். இரு மொழிச் சூழல் பேச்சுத் தாமதத்துக்குக் காரணமன்று. தாய்மொழியை நிறுத்தி ஆங்கிலம் மட்டும் பேசுங்கள் என்னும் அறிவுரை, பாட்டியையும் பேரனையும் பிரித்துவைப்பதையன்றி வேறொன்றும் சாதிப்பதில்லை.

காத்திராமற் போவதென்றால் எங்கே போவது என்பதுதான் திருகோணமலைத் தாயின் கேள்வி. கிண்ணியாவிலிருந்து நகருக்கு வர, 2009இற் பாலம் திறக்கப்படும்வரை பாதையில் ஏறிக் கடக்கவேண்டும். 2004இன் ஆழிப்பேரலை கரையோரத்தை அழித்தது. 2006இல் மூதூர் மக்கள் வீடுகளை விட்டு ஓடினர். முகாமிற் பிறந்த பிள்ளையின் முதற்சொல் எப்போது வந்தது என்று குறித்துவைக்கும் ஓய்வு யாருக்கு இருந்தது? வறுமை காரணமாக வளைகுடா நாடுகளுக்குப் பணிப்பெண்களாகச் சென்ற தாய்மார் மூதூரிலும் கிண்ணியாவிலும் பலர். பிறர் பிள்ளையோடு கைகொட்டி விளையாடுவது அவர்கள் தொழிலாயிற்று. 2013இல் அரசு, ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வெளிநாட்டு வேலைக்குச் செல்வதைத் தடுத்தது. பொருளாதாரம் சரிந்த 2022இல் அவ்வயதை இரண்டாகக் குறைத்தது. அந்நியச் செலாவணி தேவைப்பட்டபோது பிள்ளையின் தேவை மூன்று ஆண்டு சுருங்கிற்று.

இந்நாட்டின் பொதுச் சுகாதாரம் சாதித்தவற்றை மறைப்பது நேர்மையன்று. 1926இற் களுத்துறையில் தொடங்கிய சுகாதாரப் பிரிவு முறையின் பயனாக மருத்துவ மாது குடிசைக்கும் நடந்து வருகிறாள். 1996இற் புகுத்தப்பட்ட ருபெல்லாத் தடுப்பூசி, கருவிலேயே செவியைக் கெடுக்கும் நோயொன்றைக் கட்டுப்படுத்தியது. ஒவ்வொரு பிள்ளைக்கும் வழங்கப்படும் சுகாதார விருத்திப் பதிவேட்டில் எந்த மாதத்தில் என்ன செய்யவேண்டும் என்ற அட்டவணை உண்டு. குறையைக் கண்டறியும் வழி இவ்வளவும் இருக்கிறது. கண்டறிந்த பின் கைகொடுக்கும் ஆளே இல்லை. பேச்சு, மொழிச் சிகிச்சையாளரைப் பயிற்றும் நெறி களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் தொடங்கியதே 1990களின் இறுதியில்தான். அதில் தேறியோருள் தமிழிற் பணியாற்றவல்லார் மிகச் சிலர். பேச்சுச் சிகிச்சைக்கு மொழிபெயர்ப்பாளரை வைத்துக்கொண்டு பயனில்லை. மூதூர்ப் பிள்ளை ‘வாப்பா’ என்று தொடங்குவதும் நகர்ப் பிள்ளை ‘அப்பா’ என்று தொடங்குவதும் அறியாதவர், பிள்ளையின் முதற்சொல்லைத் தவறாகக் குறித்துவிடக்கூடும். ஆங்கிலப் பிள்ளைக்கென ஆக்கிய அளவுகோலில் ழகரமும் றகரமும் வேற்றுமை உருபும் அடங்கா.

கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்திற் தொடர்பாடல் கற்கைகள் நடைபெறுகின்றன. சித்த மருத்துவமும் கற்பிக்கப்படுகிறது. பத்திரிகைக்கும் வானொலிக்கும் ஆள் பயிற்றும் அவ்விடத்திலேயே, தமிழ் பேசும் சிகிச்சையாளரைப் பயிற்றும் நெறியொன்றையும் தொடங்குமாறு கேட்பது மிகையான வேண்டுகோளன்று. ஆசிரியர் சங்கங்கள் சம்பளக் கோரிக்கையோடு இதனையும் எழுதிச் சேர்க்கலாம். அது கைகூடச் சில ஆண்டுகள் செல்லும். முன்பள்ளி ஆசிரியைகளுக்கும் மருத்துவ மாதர்க்கும் இரண்டு நாட் பயிற்சி கொடுக்க அவ்வளவு காலம் வேண்டாம். முதலாம் வகுப்பு அனுமதிக்கு வருவோரிடம் பிறப்புச் சான்றிதழைக் கேட்கும் அதிபர், அதனோடு அந்தச் சுகாதாரப் பதிவேட்டையும் கேட்டுவாங்கி, செவி, பேச்சு பற்றிய பக்கத்தைப் புரட்டிப் பார்க்கும் வழக்கத்தை வரும் தைமாதத்திலேயே தொடங்கிவிடலாம்.